பாடமாட்டேன் என்று பொருத்தனை செய்த என் மகனுக்கு

கண்ணு ஞானமுத்து,

இது உன் கைக்கு வரும்போது நீ இன்னும் மதராஸ் மண்ணில்தான் நிற்கிறாய் என்று நம்பிப் பேனாவைத் தொடுகிறேன். அப்படி நம்பாவிட்டால் எனக்கு ஒரு எழுத்தும் ஓடாது. உன் கார்டு இன்று மத்தியானம் வந்தது. ரங்கூனில் அரிசி மில்லில் குமாஸ்தா வேலை, கப்பல் இந்த வாரக் கடைசியில், வழியனுப்ப வர வேண்டாம், இந்தத் தரமும் தவறிவிட்டேன், இனிப் பரீட்சைக்கு உட்காரமாட்டேன், பாட்டு என்னைக் கெடுத்தது, இனி அது இல்லை. இவ்வளவுதான் எழுதியிருக்கிறாய். பெற்றவளுக்கு எழுதுகிற லட்சணமா இது? கடைக்காரனுக்குச் சாமான் சொல்லி அனுப்புகிறவன்கூட இதைவிட நாலு வார்த்தை கூட எழுதுவான். தபாலை நம்பிக் காத்திருக்க எனக்குத் தெம்பில்லை. நம் உபதேசியார் சபைக் காரியமாக நாளைப் பகலில் மாரிகுப்பத்தில் ரயில் ஏறுகிறார். அவர் கையில் கொடுத்து அனுப்பப் போகிறேன். உறையை ஒட்டப் போவதில்லை. உங்கள் போர்டிங் ஐயா எந்தக் கடிதத்தையும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் பிள்ளைகளிடம் கொடுப்பார் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அவருக்கு ஏன் வீண் சிரமம்? படியுங்கள் ஐயா, உங்களுக்கும் இதில் சேதி இருக்கிறது.

நீ கடல் தாண்டிப் போகிறாய் என்பதைவிட, இனி அது இல்லை என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத உட்காரவைத்தது. முதல் தரம் மெட்ரிகுலேஷனில் தவறியபோது ஐயா உன்னை ஆலயத்துக்குக் கூட்டிப்போய் முழங்காலில் நிற்கவைத்தார். பாஸாகும் வரைக்கும் பாடமாட்டேன், பிடிலைத் தொடமாட்டேன் என்று பொருத்தனை செய்துவிட்டு வந்து நின்றாய். நம் ஜனங்கள் செய்கிற பொருத்தனைகளை நான் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் விட்டால் காணிக்கை வைக்கிறேன் என்பார்கள், சாராயத்தை விடுகிறேன் என்பார்கள். கடவுளிடமே போய், உம்மைப் பாடமாட்டேன் என்று பொருத்தனை செய்த ஆள் எனக்குத் தெரிந்து நீ ஒருவன்தான். அவர் என்ன பாவம் செய்தார்? சரி, செய்தாய். ஒரு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டாய். இந்தத் தரமும் தவறிவிட்டது. இனிப் பரீட்சைக்கே உட்காரமாட்டேன் என்கிறாய். உட்காராதவன் பாஸாகப் போவதில்லை. பாஸாகாதவன் பாடப் போவதில்லை. நீ அப்பனைப் போல வாக்குத் தவறாத பிடிவாதக்காரன். அப்படியென்றால் என் பிள்ளை சாகிற வரைக்கும் ஊமையாக இருக்கப் போகிறான். இதை எந்தத் தாய் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள்?

பாட்டு உன்னைக் கெடுத்ததா? உனக்கு அட்சரம் போட்டதே அதுதான். இந்தக் கடிதத்தைப் போர்டிங்கில் பத்துப் பேர் படிக்கப் போவதால், உனக்குத் தெரிந்த கதையையும் அவர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளைகளே, இவன் அப்பா நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் கம்பி பிடிக்கிறவர். என் தம்பி சம்மட்டி அடிக்கிறவன். வேட்டு வைப்பதற்குப் பாறையில் துளை போட வேண்டும். ஒருவர் இரும்புக் கம்பியைப் பாறையில் ஊன்றிப் பிடிக்க, மற்றவர் அதன் தலையில் ஓங்கி அடிப்பார். ஒவ்வொரு அடிக்கும் இடையே கம்பியைக் கொஞ்சம் திருப்பிக்கொடுக்க வேண்டும். அங்கே இருப்பது மெழுகுவர்த்தி வெளிச்சம். கம்பி எது, கை எது என்று சரியாகத் தெரியாது. அதனால் கம்பி பிடிக்கிறவர் பாடுவார். வரி முடிகிற இடத்தில் சம்மட்டி விழும். அடுத்த வரியை எடுக்கும்போது கம்பி திரும்பும். பாட்டு நின்றதென்றால் சம்மட்டி எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்க வேண்டும். ஏன் நின்றது என்று கேட்கக்கூட நேரமில்லை. கேட்டு முடிப்பதற்குள் ஒருவருடைய கை போயிருக்கும்.

ஆணுக்கு வேலை எதுவோ அது வீட்டுக்குள்ளும் வந்துவிடும். உன் அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, குளித்துவிட்டு, உன்னை மடியில் உட்காரவைத்துத் தொடையில் தாளம் தட்டுவார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாய்ப்பாட்டை நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு, அதைத் தன் சுரங்கத்துப் பாட்டில் ஏற்றிவிடுவார். ஈரெட்டுப் பதினாறு என்ற இடத்தில் சம்மட்டி விழும். நடுவில் சட்டென்று நிறுத்துவார். நிறுத்தினால் வீட்டில் யாரும் அசையக்கூடாது என்பது விளையாட்டு. நீ சோற்றுக் கையோடு நிற்பாய். உன் தங்கை எஸ்தர் ஒரு காலைத் தூக்கியபடி நிற்பாள். நான் கரண்டியோடு நிற்பேன், அதற்குள் குழம்பு அடிபிடிக்கும். அசைந்தவர் தோற்றவர். நீ ஒரு நாளும் தோற்றதில்லை. மற்றப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த வயதில் நீ பதினாறாம் வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் சொன்னாய். காம்ப் பள்ளிக்கூடத்தில் நதிகள், மலைகள், அரசர்கள், ஆங்கில ஸ்பெல்லிங், எல்லாமே உனக்கு அந்த மெட்டில்தான் ஏறியது. பாடிப் படித்துத்தான் முதலாவதாக வந்தாய். அப்போது யாரும் பாட்டு கெடுக்கிறது என்று சொல்லவில்லை.

எஸ்தர் பிளேக்கில் படுத்தபோதும் உன்னிடம் பாட்டுத்தான் கேட்டாள். நோயாளிகளை ஒதுக்கிவைத்த கொட்டகைக்குள் விடமாட்டோம் என்றார்கள். நீ தட்டிக்கு வெளியே நின்று அவளுடைய ஸ்பெல்லிங் பாடத்தை ராகமாகச் சொன்னாய். உள்ளேயிருந்து அவள் ஒவ்வொரு வார்த்தைக்கும் எழுத்துக் கூட்டினாள். அப்புறம் கூட்டவில்லை. நான் இதை இதுவரை யாரிடமும் பேசியதில்லை. இப்போதும் நீ நினைத்து அழட்டும் என்று எழுதவில்லை. எனக்கு மீதி இருப்பது நீ ஒருவன், நீயும் குரல் இல்லாமல் கடலுக்கு அப்பால் போய்விட்டால் இந்த வீட்டில் நான் எதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று நீ தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன்.

இனி போர்டிங் ஐயாவுக்கு. ஐயா, பையனுக்குப் பாட்டில் கவனம் போனதால் படிப்பில் தவறினான் என்று எங்களுக்கு எழுதினீர்கள். உங்கள் போர்டிங்கில் அந்த வருஷம் தவறியவர்கள் நிறையப் பேர். அவர்கள் எல்லாருமா பாடினார்கள்? அவர்கள் எதை விட்டுவிடுவதாகப் பொருத்தனை செய்தார்கள்? சுரங்கக்காரர்கள் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளில் இருந்து உங்களிடம் வந்த பாக்கியநாதன் பாஸாகிவிட்டான். அவன் நல்ல பிள்ளை. ஆனால் வாயைத் திறந்தால் தவளை தோற்றுப்போகும். பாடாதவன் பாஸாவான் என்பது நிஜமானால், தவளைக் குரல்காரர்கள் எல்லாரும் இந்நேரம் ஜட்ஜாகியிருக்க வேண்டும். உங்களைப் பழிக்கவில்லை. நீங்கள் நல்லதென்று நினைத்துத்தான் செய்தீர்கள். ஆனால் பரீட்சை நடந்த இடத்தில் என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் இந்த வாரம்தான் கேள்விப்பட்டேன்.

பாக்கியநாதன் லீவுக்கு வந்தவன் ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் என்னைப் பார்த்தான். முதல் தரம் உனக்குப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்து எழுதியவன் அவன். நான் உன்னைப் பற்றி விசாரித்ததும் மென்று முழுங்கினான். விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"அத்தே, அவன் நல்லாத்தான் எழுதிக்கினு இருந்தான். உதடு மட்டும் அசஞ்சிக்கினே இருந்திச்சி. மூக்குல லேசா ஒரு ராகம். பக்கத்துல இருந்த எனக்கே லேசாத்தான் கேட்டிச்சி. பரீட்ச பாக்கற தொர வந்தாரு. மேசமேல பிரம்பால ஒரு தட்டு தட்டனாரு. சத்தம் கூடாதுன்னாரு."

"அப்பறம் இன்னா ஆச்சி?"

"அப்பறம் இன்னா அத்தே, அவன் பாட்ட நிறுத்தினான். பேனாவும் நின்னுச்சி. மணி அடிக்கிற வரிக்கும் பேனாவ புடிச்சிக்கினு அப்பிடியே குந்தினு இருந்தான். நானு காலால ஒதச்சிக்கூட பாத்தேன். அசயல."

நான் கடைத்தெரு என்றும் பாராமல் புளிக்கூடையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாக்கியநாதன் பயந்து தண்ணீர் கொண்டுவந்தான். அவனுக்கு என்ன புரியும்? என் பிள்ளை அங்கே என்ன செய்துகொண்டிருந்தான் என்று எனக்குத்தான் தெரியும். பாட்டு நின்றது, அவன் கை நின்றது. இரண்டாம் தரம் பொருத்தனையைச் சுமந்துகொண்டு போனாய். மனசுக்குள்ளும் முணுமுணுக்காமல் உட்கார்ந்தாய். பேப்பரை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தாய் என்று போர்டிங்கில் பேசிக்கொண்டதையும் பாக்கியநாதன் சொன்னான். அதைப் பார்த்து, பாட்டை விட்ட பின்னும் இவனுக்குப் புத்தி வரவில்லை என்றார்கள். நீயும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டாய். சோறு தின்னாததால் இளைத்தவனைப் பார்த்து, சோறுதான் இவனைக் கெடுத்தது என்று சொன்ன மாதிரி இருக்கிறது.

அதற்காக, பாட்டு இருந்தால் போதும், பரீட்சை தானாக எழுதிக்கொள்ளும் என்று நான் சொல்ல வரவில்லை. நானும் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவள்தானே. லைனில் உள்ள பெண்களுக்கு வேதம் வாசிக்கக் கற்றுத்தருகிறேன். கல்லுடைக்கும் ஒட்டர் வீட்டுக் குப்பம்மாளை உனக்குத் தெரியும். அவளுக்கு எந்த எழுத்தும் மண்டையில் நிற்கவில்லை. சரி என்று அகர வரிசையைக் கும்மி மெட்டில் போட்டுக்கொடுத்தேன். ஒரே வாரத்தில் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதும் பாடினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு நாள் 'ம' என்று எழுதிக் காட்டி, இது என்ன எழுத்து என்றேன். "இரு அம்மா, வர்றேன்" என்றாள். முதலிலிருந்து பாட்டைத் தொடங்கி, கையைத் தட்டி, ஓடி வந்து, அந்த எழுத்தில் மூச்சிரைக்க நின்றாள். அடுத்த எழுத்தைக் காட்டினால் மறுபடியும் முதலிலிருந்து. அவளோடு சேர்ந்து நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தேன். மெட்டு உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும். அப்புறம் கேட்ட இடத்தில் இறங்கத் தெரிய வேண்டும். அதற்கு வேறு பயிற்சி. பிறகு அவளுக்கு எழுத்தைக் கலைத்துப் போட்டுக் கேட்டுக் கேட்டுப் பழக்கினேன். இப்போது வேதத்தில் சங்கீதப் புத்தகம் முழுவதையும் பார்த்து வாசிக்கிறாள். பாட்டைப் பிடுங்கவில்லை. இன்னும் கும்மிதான், தண்ணீர்க் குழாயடியில்.

உனக்கும் யாராவது இதைத்தான் செய்திருக்க வேண்டும். சத்தமில்லாத அறையில் உட்கார்ந்து, பாட்டை நெஞ்சுக்குள்ளேயே நடத்திக்கொண்டு எழுதப் பழக்கியிருக்க வேண்டும். கால் கட்டைவிரலை மட்டும் அசைத்துக்கொள், எந்தத் துரைக்குத் தெரியப் போகிறது? அதைச் சொல்லித்தர ஆளில்லாமல், வாயைத் தைத்துவிட்டு ஓடு என்றார்கள். உன்னை மக்கு என்றால் நான் நம்பமாட்டேன். மக்குப் பிள்ளையைப் பெற்றிருந்தால் எனக்கு இவ்வளவு வேகம் வராது, பாவம் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

நேற்று இவ்வளவு எழுதி வைத்தேன். இன்று காலை உன் அப்பா ஷிப்ட் முடிந்து வந்து கஞ்சி குடித்ததும் அவருக்குப் படித்துக் காட்டினேன். நேற்று கார்டைப் படித்தபோது அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார். "போவட்டும்." அந்தக் கோபத்தில் நான் அவரோடு ராத்திரிச் சோற்றுக்குக்கூடப் பேசவில்லை. அவருக்குக் காது மந்தமாகிவிட்டது என்பதை உனக்கு எழுதியதில்லை. இப்போது சுரங்கத்தில் துளை போட மெஷின் வந்துவிட்டது. அதன் பக்கத்தில் நின்றால் தன் குரலே தனக்குக் கேட்காதாம். பாடுகிறவர்கள் எல்லாரும் பாட்டை விட்டுவிட்டார்கள். அதனால் உனக்கு எழுதிய இந்தக் கடிதத்தை நான் கத்திப் படிக்க வேண்டியிருந்தது. நம் தட்டி வீட்டில் கத்தினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். லைன் முழுக்கக் கேட்டது. நடுவில் மூன்றாம் வீட்டுக்காரி, "இன்னொரு தபா படிங்கக்கா, தவள கத" என்று குரல் கொடுத்தாள். உன் மானம், என் மானம் எல்லாம் போய்விட்டது. போகட்டும்.

பேனா நின்ற இடம் வந்ததும் உன் அப்பா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன். துரை வந்து மேசையைத் தட்டினாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம், ஒரு தரம் சுரங்கத்துக் கேப்டன் துரை அடியில் இவர் வேலை செய்த லெவலுக்கு இறங்கி வந்து, பேச வேண்டும், பாட்டை நிறுத்து என்று கத்திய கதையைச் சொன்னார். நான் இத்தனை வருஷத்தில் கேட்டிராத கதை. இவர் நிறுத்தவில்லையாம். கம்பி பாதி திரும்பியிருந்தது, மச்சான் சம்மட்டி தலைக்கு மேலே. துரை திட்டுகிறார், இவர் பாடுகிறார். கம்பியை நேராக்கி, கையை எடுத்த பிறகுதான் நிறுத்தினாராம். துரை அபராதம் போட்டார், வாங்கிக்கொண்டாராம்.

"பாட்ட நிறுத்தற அதிகாரம் கம்பி புடிக்கிறவனுக்குத்தான். வேற எவன் சொன்னாலும் நிறுத்தக்கூடாது. தொர சொன்னாலும் சரி, சாமி சொன்னாலும் சரி. பேனா அவன் கையிலதான இருந்திச்சி? இன்னாத்துக்கு நிறுத்தினான்?" என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நிறுத்தினா அசயாத நில்லுன்னு நான்தான சொல்லிக்குடுத்தேன். எப்ப நிறுத்தக்கூடாதுன்னு சொல்லிக்குடுக்கலயே" என்றார். உன் அப்பா அழுது நான் பார்த்தது எஸ்தருக்காக மட்டும்தான். இன்று இரண்டாம் தரம் பார்த்தேன். நேற்று போவட்டும் என்று சொன்ன அதே மனுஷன், இன்று என் புடவையை எடுத்துக் கையில் கொடுத்து, "நீ போ. போயி இட்டுக்கினு வா" என்றார்.

ஆகவே இந்தக் கடிதத்தை உபதேசியாரிடம் கொடுத்தனுப்பப் போவதில்லை. நானே அவரோடு ரயில் ஏறுகிறேன். ரயில் மாறுகிற பவுரிங்பேட்டையைத் தாண்டி நான் போனதில்லை. மதராஸ் எவ்வளவு பெரிது, துறைமுகம் எந்தப் பக்கம், கப்பலில் ஏறும் கூட்டத்தில் ஒரு பிள்ளையை எப்படித் தேடுவது, ஒன்றும் தெரியாது. கப்பல் போயிருக்குமோ என்ற நினைப்பு வரும்போதெல்லாம் பேனாவை வைத்துவிட்டு மூட்டை கட்ட எழுந்துவிடுகிறேன், எழுத்து அங்கங்கே விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள். பொருத்தனையைப் பற்றிக் கவலைப்படாதே. உபதேசியாரிடம் கேட்டேன். தாடியைத் தடவிக்கொண்டு, பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கட்டும். தீர்ப்பு நாளில் அதற்குக் கணக்குக் கேட்டால், நான்தான் முறிக்கச் சொன்னேன் என்று உன் பக்கத்தில் நின்று சொல்வேன்.

மூன்றாம் தரம் எழுது என்று கெஞ்சத்தான் நேற்று உட்கார்ந்தேன். இன்று அதையும் விட்டுவிட்டேன். எழுதினால் எழுது. எழுதாவிட்டால் சுரங்க ஆபீஸில் டைம்கீப்பராகப் போ, கடையில் பொட்டலம் கட்டு, எனக்கு ஒன்றுமில்லை. ரங்கூனுக்கே போக வேண்டுமென்றாலும் ஒரு நாள் போ, ஆனால் பாட்டை உதறிவிட்டு ஓடுகிறவனாகப் போகாதே. பெயிலான பிள்ளைக்குச் சோறு போட இந்த வீட்டில் யாருக்கும் கை வலிக்காது.

உன்னை நேரில் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது, திட்டுதான் வரும். கண்டபடி ஏதாவது சொல்லிவிடுவேன், நீயும் பிடிவாதமாகக் கப்பல் ஏணியில் ஏறிவிடுவாய். அதனால் வாயைத் திறக்காமல் முதலில் இந்தக் காகிதத்தை உன் கையில் திணிக்கப் போகிறேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகப் படி. படித்து முடித்துவிட்டாயா? தலையை நிமிர்த்து, ஞானமுத்து. எதிரில்தான் நிற்கிறேன்.